ஏழாவது பொட்டு

“எந்தப் பாஷையில வேணும்?” என்று ஸ்டீபன் சார் கேட்டார்.

நாங்கள் நான்கு பேர் நின்றோம். வெளியே பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. காதில் விழவில்லை போல என்று நினைத்து அவர் சத்தமாகக் கேட்டார்.

“பாஷையா, பாஷை. இந்தப் பெட்டிகிட்ட நீங்க எந்தப் பாஷையில பேசப் போறீங்க?”

“தமிழ்லதான்” என்றேன் நான்.

கணக்கப்பிள்ளை ராஜாமணி அப்போது சோடா குடித்துக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் பாதி சோடா மூக்கு வழியாக வந்தது. என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சரியாத்தான சொன்னீங்க? அவுக எதுக்குத் தும்முதாக?” என்றாள்.

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். அஞ்சாம் வகுப்பு படித்தவர் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தது எப்படி என்று கேட்கிறார். நான் வேலை பார்க்கவில்லை. அதோடு சண்டைதான் போட்டேன். அந்தச் சண்டையைச் சொல்கிறேன்.

அட்டை

சங்கரன்கோவிலில் அப்போது எனக்கு அட்டை அடிக்கிற வேலை.

துண்டின் கரையில் கோபுரம், மாங்காய் என்று உருவம் வருகிறதே, அது தானாக வராது. விசைத்தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு பெட்டி உண்டு. அதில் அட்டைகள் மாலை மாதிரி கோத்துச் சுற்றி வரும். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இடத்து இழையை மேலே தூக்கும். ஓட்டை இல்லையென்றால் தூக்காது. அவ்வளவுதான் வித்தை.

ஓட்டை போடுகிறவன் நான். எங்கே போட வேண்டும் என்று வாசிக்கிறவள் பேச்சியம்மாள். கட்டம் போட்ட தாளை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பாள்.

“மூணு தூக்கு. ரெண்டு விடு. ஒண்ணு தூக்கு. திரும்பு.”

இந்தத் ‘திரும்பு’வைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோபுரத்துக்கு இடப்பாதி எப்படியோ வலப்பாதியும் அப்படியே. மாங்காயும் சோடி சோடியாக ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் தாளில் பாதிதான் வரைந்திருக்கும். பாதியை வாசித்துவிட்டு அவள் ‘திரும்பு’ என்பாள். நான் அதையே பின்னாலிருந்து முன்னால் அடித்துக்கொண்டு போவேன். எங்கள் தொழிலில் யாரும் ஒரு வரியை முழுசாக வாசித்ததில்லை.

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்து தெரியாது. நம்பரும் கட்டமும் தெரியும். நான் இளையரசனேந்தலில் ஐந்தாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. எங்கள் பக்கம் மானாவாரி. மழை பெய்தால் பையன்களுக்கு முன்னால் வாத்தியார் விதைக்கப் போய்விடுவார். அந்த வருஷம் நல்ல மழை.

தறிச் செட்டு வருகைப் பதிவில் என் பெயர் மட்டும் இருக்கும். அட்டை மாடசாமி. வாசிப்பதை ஒரு வேலை என்று யாரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

பெட்டி வந்தது

எண்பதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு பம்பாயில் ஒரு மச்சினர். அவர் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தார். எதற்கு அனுப்பினார் என்று இன்றுவரை தெரியாது.

நூல் எடை போடுகிற அறையைக் கழுவி, அதில் வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பஞ்சுத் தூசி படாமல் ஒரு புதுத் துண்டைப் போர்த்தினார்கள். எங்கள் செட்டில் புதுத் துண்டு போர்த்தியிருந்தது அது ஒன்றுதான்.

கணக்கப்பிள்ளை ராஜாமணி சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு மேசையின் நான்கு காலுக்குப் பக்கத்திலும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“ஏய்யா, அது என்ன லாரியா?” என்றார் முதலாளி.

“எதுக்கும் இருக்கட்டும் அண்ணாச்சி.”

ராஜாமணி வாசுதேவநல்லூர்க்காரர். பி.காம். தினமும் பஸ்ஸில் வந்து போவார். ராஜபாளையத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர். பேசிக் என்கிற கம்ப்யூட்டர் பாஷை அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் சொல்லுவார்.

பெட்டிக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர்தான் ஸ்டீபன் சார். பாளையங்கோட்டைக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்தவர். எந்த அட்டையில் எத்தனையாவது இடத்தில் ஓட்டை என்று அந்த புரோகிராம் தாளில் அச்சடித்துக் கொடுக்கும். நல்ல புரோகிராம்தான். ஆனால் அதற்கு மூன்று கரைதான் தெரியும். நாலாவது கரை வேண்டும் என்றால் ஸ்டீபன் சார் பஸ் ஏறி வந்து, புரோகிராமைத் திறந்து, உள்ளே எழுதிவிட்டுப் போக வேண்டும்.

இதற்குள் முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார்.

சிவகிரியிலிருந்து முத்தையா என்று ஒரு பெரியவர் வந்தார். ஆடித்தபசுத் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படியை எடுத்து நடத்துகிறவர். அன்றைக்கு வருகிறவர்களுக்குப் போர்த்த இருநூறு துண்டு கேட்டார். கரையில் சங்கரநாராயணர் வேண்டும் என்றார்.

எங்கள் கோயிலில் சாமி ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள். முத்தையா கேட்டது நெற்றி மட்டும். நாம் பார்க்க இடப்பக்கம் பாதிப் பட்டை, வலப்பக்கம் பாதி நாமம். தாளில் வரைந்தே கொண்டுவந்திருந்தார்.

“கம்ப்யூட்டர்ல போட்டுருவோம்” என்றார் முதலாளி.

“நான் கையாலயே நாலு நாள்ல அடிச்சிருவேன் அண்ணாச்சி” என்றேன்.

“ஏலே, பம்பாய்ல இருந்து பெட்டி வந்திருக்கு. நீ கையக் காட்டுதே.”

ஸ்டீபன் சாருக்குத் தந்தி போனது.

எந்தப் பாஷை

ஸ்டீபன் சார் சொன்னது இதுதான்.

“ஒவ்வொரு கரைக்கும் நான் பஸ் ஏறி வந்துக்கிட்டிருக்க முடியாது அண்ணாச்சி. புரோகிராம் அப்படியே இருக்கட்டும். அதுல ஒரு வாசல் வச்சுத் தாரேன். புதுக் கரைக்கு என்ன செய்யணும்னு நீங்களே எழுதி அந்த வாசல் வழியாக் குடுங்க. அது வாங்கிக்கிடும். ஆனா அந்த வாசல்ல எந்தப் பாஷை பேசணும்ங்கிறத இப்பவே சொல்லிரணும். பொறவு மாத்தினா எல்லாத்தையும் இடிச்சுக் கட்டணும்.”

மூன்று வழி இருக்கிறது என்றார்.

ஒன்று, பேசிக். புத்தகம் கிடைக்கும், படித்த ஆள் கிடைக்கும். ஆனால் இங்கிலீஷ். இரண்டாவது, வெறும் நம்பர். ஒன்று என்றால் ஓட்டை, சைபர் என்றால் இல்லை. சுலபம். ஆனால் ஒரு கரைக்கு ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டும். ஒன்று தப்பினால் எங்கே தப்பியது என்று தேடிக் கண் போய்விடும்.

“மூணாவது?” என்றார் முதலாளி.

“இந்த வேலைக்கு இங்க ஏற்கெனவே ஒரு பாஷை பேசுவீங்கல்லா. அது.”

“இங்க எங்க பாஷை பேசுதோம்? ஏசுதோம். அவ்வளவுதான்.”

முதலாளி அதற்கு மேல் யோசிக்கவில்லை. “பேசிக்கே இருக்கட்டும். ராஜாமணி உக்காரட்டும். தாள்ல எழுதி வந்துட்டா ஓட்டை போட எவனும் போதும். மாடசாமி, நீ தார் பக்கம் பாத்துக்கிடு.”

தார் என்பது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சிறு குச்சி. அதில் நூல் சுற்ற வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை அது. நான் பதினெட்டு வருஷம் அட்டை அடித்தவன்.

எனக்கு அதிகம் பேச வராது. அன்று பேசினேன்.

“சார், நாங்க வாசிக்கிறத ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க.”

அவர் கேட்டார். நூல் பொதி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டை விரித்து, அரை நாள் கேட்டார். பேச்சியம்மாள் வாசித்தாள், நான் அடித்தேன். அவர் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். கடைசியில் நோட்டை மூடினார்.

“மொத்தம் ஏழு வார்த்தை” என்றார்.

தூக்கு. விடு. அதே. கூட்டு. குறை. திரும்பு. அடுத்தது.

“ஏழுதானா? நான் நாள் பூரா வாசிக்கேனே சார்” என்றாள் அவள். அவளுக்கு வருத்தம்.

“நாள் பூரா இந்த ஏழத்தான் சொல்லுதீங்கம்மா. ஏழ வச்சு எல்லாத்தையும் சொல்லிருதீங்க. நான் புஸ்தகத்துல படிச்ச பாஷையில எல்லாம் நூறு நூத்தம்பது வார்த்தை. பாதி எதுக்குன்னே தெரியாது.”

வீட்டில் அவள் ஏழோடு நிறுத்துவதில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ராஜாமணி ஒத்துக்கொள்ளவில்லை. “சார், நாளைக்கு வேற ஒரு ஆள் வந்தா இது யாருக்கு வெளங்கும்? பேசிக்குனா மெட்ராஸ்ல இருந்து எவனும் வந்து பாக்கலாம்.”

“மெட்ராஸ்காரன் எதுக்குத் தம்பி நம்ம துண்டப் பாக்க வாரான்?” என்றாள் பேச்சியம்மாள்.

முதலாளிக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. “ரெண்டு வாசலும் வைங்க சார். முத்தையா துண்ட ரெண்டு பேரும் போடட்டும். எது துணியில சரியா விழுதோ அந்தப் பாஷை. அந்த ஆளுக்கு மேசை. மத்த வாசல மண் வச்சுப் பூசிருவோம்.”

பொட்டு

பெட்டிக்குத் தமிழ் எழுத்து கிடையாது. பொத்தானெல்லாம் இங்கிலீஷ். ஒரு வார்த்தைக்கு ஒரு பொத்தான் என்று ஸ்டீபன் சார் ஒதுக்கினார். ஒதுக்கிவிட்டு, எழுத்தே தெரியாத ஆளுக்கு எந்தப் பொத்தான் என்று எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிந்தார்.

பேச்சியம்மாள் பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். அப்போதுதான் அது புதுசாக வந்திருந்தது. கலர் கலராக இருக்கும். தூக்குக்குச் சிவப்பு. விடுவுக்குக் கறுப்பு. அதேக்குப் பச்சை. இப்படி ஏழு பொத்தானுக்கும் ஏழு பொட்டு ஒட்டினாள்.

ராஜாமணி வந்து பார்த்தார். “கம்ப்யூட்டரா, கலியாணப் பொண்ணா?” என்றார்.

“சந்தனம் வச்சது நீங்கதான” என்றாள்.

கிளம்பும்போது ஸ்டீபன் சார் ஒரு உபகாரம் செய்தார். “எல்லா வரியையும் ‘திரும்பு’ன்னுதான் முடிக்கீங்க. எதுக்கு ஒவ்வொரு தடவையும் அழுத்தணும்? அத நான் உள்ளயே வச்சிருதேன். பாதி முடிஞ்சதும் அதுவாத் திரும்பிக்கிடும்.”

நல்லதாகப் போயிற்று என்றோம். திரும்புவுக்கு ஒட்டியிருந்த குங்குமக் கலர்ப் பொட்டு வீணாகக் கிடந்தது. பேச்சியம்மாள் அதை உரித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பொத்தானில் ஆறு பொட்டு, நெற்றியில் ஒன்று.

ஸ்டீபன் சார் பாளையங்கோட்டைக்குப் போய், அங்கிருந்து தங்கை வீட்டு விசேஷத்துக்கு எங்கோ போய்விட்டார்.

நாங்கள் ஒரே நாளில் முடித்தோம். நான் தாளைப் பிடித்துக்கொள்ள, அவள் வாசித்துக்கொண்டே அழுத்தினாள். முத்தையா தாளில் முழுசாக வரைந்திருந்ததால் இந்தத் தடவை முழுசாக வாசித்தாள். வரியில் பாதி தாண்டியதும் பெட்டி ‘கீ கீ’ என்று கத்தியது. ஒவ்வொரு வரிக்கும் கத்தியது.

“இது எதுக்குக் கத்துது?” என்றேன்.

“கத்தினாக் கத்திட்டுப் போகுது. நம்ம தறி கத்தாததா?”

அச்சடித்த தாள் வந்தது. அதில் வெறும் ஓட்டை நம்பர்தான் இருக்கும். பட்டை எது, நாமம் எது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அட்டை அடித்தேன். தறியில் ஏற்றினோம்.

ராஜாமணிக்கு மூன்று நாள் ஆனது. இரண்டு முழுப் பக்கம் இங்கிலீஷில் எழுதினார். அவர் தாளையும் நான்தான் அடித்தேன். ஒரு ஓட்டை தப்பாமல் அடித்தேன். அதில் நான் யோக்கியன்.

பெருமாளைக் காணோம்

இரண்டு துண்டும் தறியிலிருந்து இறங்கிய அன்றைக்கு முத்தையாவும் வந்துவிட்டார். முதலாளி எங்கள் துண்டை முதலில் விரித்தார். முத்தையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

“பெருமாள் எங்கவே?” என்றார்.

இடப்பக்கம் பட்டை. வலப்பக்கமும் பட்டை.

“ரெண்டு பக்கமும் சிவனா நிக்காரே! சங்கரன்கோவில்ல இருந்துக்கிட்டு இப்படிச் செய்வாகளா? இதப் போத்திவிட்டா வாரவுக என்னைய என்ன கேப்பாக?”

ராஜாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு தன் துண்டை விரித்தார். அதில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஆனால் பட்டை வலப்பக்கம், நாமம் இடப்பக்கம்.

முத்தையா கண்ணாடியைக் கழற்றினார். “இதுல ஆள் தப்பல. ரெண்டு பேரும் வீடு மாறிக் குடிபோயிட்டாக” என்றார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். ராஜாமணி கூரையைப் பார்த்தார்.

நான்கு நாள் தவணை சொல்லிவிட்டு முத்தையா பஸ் ஏறினார். முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். “நாலு நாள்ல வரலன்னு வையுங்க, பெட்டியப் பார்சல் கட்டிருவேன். ரெண்டு பேரும் சேந்து தார் சுத்துங்கவே. ஒரு தாருக்கு ரெண்டு பாஷை.”

நில்லு

மறுநாள் காலையில் ராஜாமணி அட்டை அடிக்கிற இடத்துக்கு வந்தார். அதற்கு முன் அங்கே அவர் வந்ததில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, நீங்க முழுசாத்தான வாசிச்சீங்க?”

“முழுசாத்தான் வாசிச்சேன். நாமம் வரைக்கும் அழுத்தினேன். இந்தா, வெரலு வலிக்கி.”

அவர் யோசித்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டார். “திரும்பு உள்ள இருக்கு! நீங்க பாதி சொன்னதும் அது பட்டையத் திருப்பி அந்தப் பக்கமும் போட்டுட்டு. மிச்சத்த வாங்கல. அதான் கீ கீன்னு கத்தியிருக்கு. பாதிக்கு மேல வேண்டாம்னு சொல்லியிருக்கு அக்கா.”

“வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லணும். கீ கீன்னா யாருக்குத் தெரியும்?”

அவர் தன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “என்னது ஏன் மாறிச்சு அண்ணாச்சி?”

எங்கள் தறியில் துணியின் முகம் கீழே பார்த்து விழும். இறக்கித் திருப்பினால் இடது வலதாகிவிடும். அதைச் சொன்னேன்.

“இத ஏன் முந்தியே சொல்லல?”

“நீங்க கேக்கல.”

உண்மை என்னவென்றால், அவர் துண்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே அது தெரியும். கோபுரத்துக்கும் மாங்காய்க்கும் இடது வலது கிடையாது. பதினெட்டு வருஷமாக எல்லாம் மாறித்தான் விழுந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. இதை ராஜாமணியிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

வலது ஓரத்திலிருந்து வாசித்தால் இடம் சரியாகிவிடும். அது சுலபம். ஆனால் பெட்டியைத் திரும்பாமல் இருக்கச் சொல்ல வேண்டுமே. அதற்கு எங்களிடம் வார்த்தை இல்லை. திரும்பாதே என்று எங்கள் தொழிலில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

அந்த நேரம் மூன்றாம் தறியில் இழை அறுந்தது. “நில்லு, நில்லு!” என்று அங்கிருந்து கத்தினார்கள். தறி நின்றது.

பேச்சியம்மாள் எங்களைப் பார்த்தாள். “அதான் இருக்கே” என்றாள்.

ஸ்டீபன் சார் புரோகிராமை உள்ளே பேசிக்கில்தான் எழுதியிருந்தார். ராஜாமணி அதைத் திறந்தார். “சார் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்றார். தொட்டார். ஒரு தடவை கரண்ட் போய், எழுதியதெல்லாம் போயிற்று. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எழுதினார். முடிக்க மறுநாள் காலை ஆகிவிட்டது. அவர் படித்த மூன்று மாதமும் வீண் இல்லை என்று அன்றுதான் எனக்குப் பட்டது. இதையும் அவரிடம் சொன்னதில்லை.

“நில்லு வச்சாச்சு அக்கா. இந்தப் பொத்தான். பொட்டு இருக்கா?”

அட்டையில் பொட்டு தீர்ந்திருந்தது. பேச்சியம்மாள் நெற்றியில் இருந்ததை உரித்தாள். பொத்தானில் ஒட்டி, ஒரு அமுக்கு அமுக்கினாள்.

மதியத்துக்குள் வாசித்து முடித்தாள். பெட்டி ஒரு தடவை கூடக் கத்தவில்லை. மூன்று மணிக்கு நான் அட்டையை அடித்து முடித்தேன். வெயில் தாழ்வதற்குள் துண்டு இறங்கியது. இடப்பக்கம் பட்டை, வலப்பக்கம் நாமம். முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முத்தையா பிறகு வந்து இருநூறையும் வாங்கிப் போனார். இரண்டு பக்கமும் சிவன் நின்ற அந்த ஒரு துண்டையும் கேட்டு வாங்கினார். “சிவகிரிக்காரன் போத்துனா ஒருத்தனும் கேக்க மாட்டான்வே” என்றார்.

துண்டு சரியாக இறங்கிய அன்றைக்கே முதலாளி தீர்ப்புச் சொன்னார்.

“பேசிக்கு உள்ள இருக்கட்டும், அது ராஜாமணி பாடு. வாசல்ல நம்ம பாஷைதான்.”

எனக்கு நெஞ்சு நிறைந்தது. மேசைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

“நீ எங்கலே போறே?” என்றார். “வாசிக்கிறது அவ. அழுத்துறது அவ. பேச்சியம்மா, நீயே உக்காரு. ராஜாமணி, பதிவுல பேர எழுதும். ஓட்டை போட எவனும் போதும்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா. மாடசாமி, தார் பக்கம் ஆள் இல்ல. ஓடு.”

நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். “பாஷைக்காகப் பேசினது நான்” என்றேன், மெதுவாக.

“ஆமா. நல்லாப் பேசினீங்க” என்றாள். திரும்பிப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தார் பக்கம் போனேன். சொல்லப்போனால் அங்கே சன்னல் உண்டு. காற்று வரும்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வீட்டம்மா புதுத் துண்டைப் பார்க்க வந்தார்கள். எடை அறைக்குள் போனவர்கள் அலறிக்கொண்டு வெளியே வந்தார்கள். தறிகளுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாக வந்து, தார் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

“ஏ மாடசாமி! அவ நெத்தியில பொட்டக் காணோம். கேட்டா, எடுத்தாச்சுங்கா. நீ நல்லாத்தான இருக்கே?”

கையில் தார் சுற்றிக்கொண்டிருந்தது.

“இருக்கேம்மா” என்றேன்.